கதாசிரியரும் பொன்னாடையும்

சிங்கப்பூரிலே நூல் வெளியீட்டு விழா இல்லாத வார இறுதி அரிதாகிவிட்டது. தமிழ் மொழி விழா நடைபெறும் ஏப்ரல் மாதத்திலோ கேட்க வேண்டியதில்லை. ஒரே மாலையில் இரண்டு கூட்டங்கள், சில வேளை மூன்று. நாம் ஜொகூர் மாநிலத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி உத்தியோகம் பார்த்து வருகிறோம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, தோட்டத்துக் கணக்கை முடித்து அலமாரியைப் பூட்டிவிட்டு, லார்க்கின் நிலையத்தில் பேருந்தேறி, பாலத்தைக் கடந்து இக்கூட்டங்களுக்கு வருவது நமது வழக்கம். சிறுகதையின் மீதும் நாவலின் மீதும் நமக்குள்ள பற்றே இதற்குக் காரணம். கூட்ட முடிவில் அளிக்கப்படும் விருந்தன்று. (விருந்தும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது என்பதை மறைப்பானேன்?)

ஆட்களின் வேலை நேரத்தைக் குறித்துக் குறித்துப் பழகிப்போன கை சும்மா இருப்பதில்லை. ஓர் ஏப்ரலில், சிராங்கூன் சாலையை அடுத்த ஒரு மண்டபத்தில் நாவல் ஒன்று வெளியிடப்பட்டது. மண்டபத்தின் பெயரும் நடத்தியவர்களின் பெயரும் இங்கே வேண்டா. நமது குறிப்புப் புத்தகத்தில் உள்ளதை மட்டும் எடுத்தெழுதுகிறோம். கூட்டம் மாலை 5.30க்கு என்று அழைப்பிதழ் கூறியது, தொடங்கியது 6.10க்கு. வரவேற்புரை 14 நிமிடம். பொன்னாடை போர்த்துதல் 22 நிமிடம், பொன்னாடைகள் 17. நம் பாட்டன்மார் அக்கிராசனர் என்று அழைத்த தலைவரின் உரை 31 நிமிடம். வாழ்த்துரை வழங்கியோர் எழுவர். அவர்களுக்கு 70 நிமிடம். நூலைப் படித்துவிட்டு வந்து ஆய்வுரை நிகழ்த்திய இளைஞருக்கு 12 நிமிடம். அதிலும் ஒன்பதாவது நிமிடத்திலேயே அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டுத் திணிக்கப்பட்டது. கதாசிரியரின் ஏற்புரை 6 நிமிடம். அந்த 6 நிமிடத்தையும் அவர் பெயர் சொல்லி நன்றி கூறுவதிலேயே கழித்தார். ஒரு பெயர் விட்டுப்போனாலும் பகை அன்றோ? ஆகமொத்தம் 155 நிமிடம். அதில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசப்பட்ட நேரம் 12.

இத்தனைக்கும் அது நல்ல நாவல். திரும்புகையில் பேருந்திலேயே படிக்கத் தொடங்கி, உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியின் வரிசையில் நின்றபடியே நாற்பது பக்கம் கடந்துவிட்டோம். அடுக்குமாடிக் கட்டடமொன்றில் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு தமிழ்ப் பெண்ணின் கதை. விடியற்காலை நான்கு மணிக்கு, மின்தூக்கியின் கண்ணாடியைத் துடைக்கும்போது மட்டும் அவள் தன் முகத்தைப் பார்த்துக்கொள்கிறாள். வீட்டில் அதற்கு நேரமில்லை. அந்த ஓர் இடத்துக்காகவே அந்நூலை விலை கொடுத்து வாங்கலாம். ஆனால் அன்று விழா முடிந்ததும் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தரையில் சிந்திக் கிடந்த சாம்பாரைத் துடைத்துக்கொண்டிருந்தாரே ஓர் அம்மையார், அவரிடம் அந்நாவலைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் தமிழர்தாம். "வழி விடுங்கய்யா, வழுக்கும்" என்று நம்மிடம் தமிழில்தான் சொன்னார்.

கோயிலிலே முதற் பரிவட்டம் யாருக்கு என்று ஊர் இரண்டுபட்ட காலத்தை நாம் எள்ளி நகையாடுகிறோம். மரியாதை மனிதனுக்கா, அவன் நிற்கும் இடத்துக்கா என்று பெரியார் இந்நாட்டுக்கு 1929இலும் 1954இலும் வந்துபோன தலைமுறை கேட்டது. அந்தக் கேள்வியைக் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம் மண்டபத்திலே முதற் பொன்னாடை யாருக்கு என்று வரிசை போட்டு, வரிசை மாறினால் முகம் சுளிக்கிறோம். துணி வேறு, சடங்கு அதுவே. பொன்னாடை மீது நமக்குக் கோபமில்லை. வயது முதிர்ந்த புலவர் ஒருவர் தோளில் அது விழும்போது நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் கதை எழுதுகிறவரின் தொழில் பிறருடைய தொழில் போன்றதன்று. ஊரைப் பார்ப்பது அவர் வேலை. ஊர் கூடி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அவர் யாரைப் பார்ப்பது? வாழ்த்துரை எழுவரும் புகழ்ந்துகொண்டிருந்தபோது அந்த ஆசிரியரின் கண்களை நாம் கவனித்தோம். அவை மண்டபத்தின் கோடியில் அழுத குழந்தையைத் தோளில் போட்டு உலாத்திக்கொண்டிருந்த ஒரு தகப்பனையே தொடர்ந்தன. அன்று அம்மேடையில் நடந்த ஒரே இலக்கிய வேலை அதுதான் என்பது நமது அபிப்பிராயம்.

இதை எண்ணும்போதெல்லாம் நம் மனம் குவீன்ஸ்டவுனுக்கே செல்கிறது. நமது பள்ளிப் பருவம் முழுவதும் அங்கே சிற்றப்பா வீட்டில் கழிந்தது. ஆங்கில வழிப் படிப்பு. தமிழ் இரண்டாம் மொழி. வாரத்தில் சில மணி நேரம், அதுவும் தேர்வுக்காக. மாக்பெத் நாடகத்தில் பேய் எந்த அங்கத்தில் விருந்துக்கு வருகிறது என்று உறக்கத்திலும் சொல்வோம்; ஆனால் சிங்கப்பூரிலே தமிழில் கதை எழுதுகிறவர் எவராவது உண்டா என்று எந்த வகுப்பிலும் எவரும் நமக்குச் சொன்னதில்லை.

குவீன்ஸ்டவுன் சாதாரண இடமன்று. சதுப்பும் குன்றும் சீனக் குடியானவர்களின் தோட்டமுமாய் இருந்த நிலத்தை எடுத்துச் சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிதி என்னும் பழைய அமைப்பு நகரமாக்கத் தொடங்கியது. 1953இல் முடிசூடிய எலிசபெத் அரசியின் நினைவாக அதற்கு அப்பெயர் வந்தது. இந்தத் தீவின் முதல் துணை நகரம் அதுவே. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறந்ததும், அது முதன்முதலாகக் கட்டி முடித்த அடுக்குமாடிகளும் அங்கே ஸ்டர்லிங் சாலையில்தான் எழுந்தன. இன்று சிங்கப்பூரில் ஐந்தில் நால்வர் கழகத்து வீடுகளில் வாழ்கின்றனர். அந்த வாழ்வின் தொட்டில் குவீன்ஸ்டவுன். கம்பத்து வீட்டில் கோழியும் முருங்கையும் வைத்துக்கொண்டிருந்தவர்கள் ஏழாம் மாடியில் குடியேறி, தலைக்கு மேலே ஒருவன் நடக்கிறான், காலுக்குக் கீழே ஒருவன் சமைக்கிறான் என்னும் விந்தையை முதன்முதலில் அனுபவித்த இடம். கதாசிரியனுக்கு இதைவிடப் பெரிய விளைநிலம் வேறு யாது?

நமது பாட்டி அவ்வாறு ஏறியவர்களில் ஒருத்தி. 1960களின் நடுவில், ஜொகூர்த் தோட்டத்துப் பெண்ணாய் இருந்து மணமாகி, குவீன்ஸ்டவுனில் ஓரறை வீட்டுக்கு வந்தார். எழுத்து வாசனை அறியார். நாம் பதினான்கு வயதில், மார்கரெட் டிரைவில் உள்ள நூலகத்துத் தமிழ் அடுக்கிலிருந்து புதுமைதாசன் என்பவரின் சிறுகதைத் தொகுதி ஒன்றை எடுத்து வந்து படித்துக்கொண்டிருந்தோம். அந்நூலகம் 1970 ஏப்ரல் 30ஆம் நாள் அன்றைய பிரதமர் லீ குவான் இயூவால் திறந்து வைக்கப்பட்டது. தேசிய நூலகத்தின் முதல் முழுநேரக் கிளை. கட்டடமும் இன்று காக்கப்பட வேண்டியவற்றில் ஒன்றாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. புத்தகத்தில் யார் கதை என்று பாட்டி கேட்டார். இவர்தான் முன்னொரு காலத்தில் வானொலியில் "அடுக்கு வீட்டு அண்ணாசாமி" எழுதியவராம் என்று, தமிழாசிரியை சொல்லக் கேட்டிருந்ததைச் சொன்னோம். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பாட்டி கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணாசாமியா? அவன் நம்ம புளோக்குல நாலாவது மாடியில இல்ல இருந்தான்!"

அது நாடகம், அண்ணாசாமி என்று ஒருவர் உண்மையில் இல்லை என்று நாம் விளக்கத் தொடங்கினோம். பாட்டி அதைக் காதில் வாங்கவே இல்லை. நாலாவது மாடியில் ஒருவர் இருந்தாராம். பேச்சு, இழுப்பு, பொய், மனைவியிடம் பம்முவது எல்லாம் அப்படியேயாம். "யாரோ நம்ம புளோக்குலேயே உக்காந்து கேட்டு எழுதியிருக்காங்கய்யா. நாங்க அப்பவே பேசிக்குவோம்." அவரும் கேட்பாரா என்று வினவினோம். "கேக்காம? எல்லாரையும்விட அவர்தான் சத்தமாச் சிரிப்பாரு. வேற யாரையோ சொல்றாங்கன்னு நெனைச்சுக்கிட்டு."

அத்தொடர் 1969, 1970ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூர் வானொலியில் ஒலிபரப்பாயிற்று. அது வரும் வேளையில், பாட்டி சொல்வார், தமிழர் வீட்டுக் கதவுகளெல்லாம் திறந்திருக்கும்; தாழ்வாரத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து போனாலும் ஒரு வசனம் விட்டுப்போகாது; ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அதே குரல். வானொலிப் பெட்டி இல்லாத வீட்டுக்காரர்கள் வாசலில் குந்திக்கொள்வார்கள். அடுத்த வீட்டுச் சீன மாது ஒருத்தி, ஒன்றும் விளங்காவிட்டாலும், எல்லோரும் சிரிக்கும்போது தானும் சிரிப்பாளாம். மறுநாள் குழாயடியில், சந்தையில், பேருந்து நிறுத்தத்தில் அதே பேச்சு. நேயர்களே, இதுவன்றோ வெளியீட்டு விழா! தலைவர் இல்லை, வாழ்த்துரை இல்லை, ஆசிரியரே இல்லை. கதை மட்டும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

புதுமைதாசன் என்ற புனைபெயர் கொண்ட பி. கிருஷ்ணன் 1932இல் நமது ஜொகூரில் பிறந்தவர். புதுமைப்பித்தன் மீது கொண்ட பற்றே அப்பெயர். வானொலியில் பல்லாண்டு பணியாற்றி, நாடகமும் சிறுகதையும் எழுதி, ஷேக்ஸ்பியரையும் ஆர்வெலையும் தமிழாக்கியவர். நாம் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்த மாக்பெத்துக்கே அவர் தமிழ் உடை தைத்திருக்கிறார் என்பதைப் பின்னர்தான் அறிந்து வியந்தோம். அரசாங்கத்தின் கலாசாரப் பதக்கம் அவருக்கு 2008இல் கிடைத்தது. அண்ணாசாமி குவீன்ஸ்டவுன் தாழ்வாரங்களில் நடந்துபோய் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து! பதக்கம் வேண்டியதே, தாமதமாயினும் தக்கவருக்கே சென்றது. ஆனால் பாட்டிக்கு, நாம் சொல்லும்வரை, அவருடைய பெயர் தெரியாது. அண்ணாசாமியைத் தெரியும், பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு நேரவில்லை. ஒரு கதாசிரியர் அடையக்கூடிய புகழில் எது பெரிது என்று யாராவது நம்மைக் கேட்டால், பதக்கத்தைத் தராசின் ஒரு தட்டிலும், பாட்டியின் நாலாவது மாடியை மறுதட்டிலும் வைப்போம்.

தமிழ்க் கதைக்கும் தமிழ்ப் பொதுமக்களுக்கும் இந்நாட்டில் உள்ள உறவு பழையது. 1887இல் "சிங்கை நேசன்" இதழைத் தொடங்கிய சி. கு. மகுதூம் சாயபு, மறு ஆண்டே அதில் "வினோத சம்பாஷணை" என்று ஒன்றை எழுதினார். தமிழின் முதற் சிறுகதைகளில் அதையும் சேர்க்க வேண்டும் என வாதிப்போர் உளர். அது வந்ததும் மேடையில் அன்று, செய்திகளுக்கும் கப்பல் வரவுகளுக்கும் இடையில். 1935இல் கோ. சாரங்கபாணி "தமிழ் முரசு" தொடங்கியபோது, ஏடு தோட்டத்து லயங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. படிக்கத் தெரிந்த ஒருவன் விளக்கடியில் உட்கார்ந்து படிப்பான். பத்துப் பேர் கேட்பார்கள். கலப்பு மணக் கதை வந்தால் அன்று லயத்தில் சண்டையும் உண்டு. சண்டை வந்தது என்றால் கதை போய்ச் சேர்ந்தது என்று பொருள். 1950இல் கோலாலம்பூர் "தமிழ் நேச"னில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் "கதை வகுப்பு" நடத்தினார்கள். கதை எழுத விரும்பும் தோட்டத்து இளைஞனும் கடைச் சிப்பந்தியும் பத்திரிகை வழியாகவே பாடம் கேட்டு, எழுதி அனுப்பி, திருத்தம் பெற்றார்கள். ஓர் இளைஞனின் கதையில் எது பிழை என்று ஊரறியச் சொன்னார்கள். அவனும் அதைப் பொறுத்துக்கொண்டு மறுபடி எழுதினான். இன்று எந்த மேடையிலாவது எவருடைய கதையிலாவது ஒரு பிழையை ஊரறியச் சொல்ல முடியுமா?

முடியும் என்று காட்டியவர் ஒருவர் சிங்கப்பூரிலேயே இருந்தார். நா. கோவிந்தசாமி 1977இல் "இலக்கியக் களம்" என்று ஒன்றைத் தொடங்கினார். ஏடுகளில் வெளியான கதைகளை எடுத்து வைத்துக்கொண்டு, நல்லது எது, போலி எது என்று கூடிப் பேசுவார்கள். பேசினால் மனக்கசப்பு வரத்தான் செய்யும். வந்தது என்றுதான் முதியோர் சொல்கிறார்கள். ஆனால் அக்கூட்டத்துக்கு வந்தவன் கதையைப் படித்துவிட்டு வந்தாக வேண்டும். பின்னர் கணினியில் தமிழ் ஏறுவதற்கு அரும்பாடுபட்ட அவர், 1999இல், ஐம்பத்து மூன்று வயதில், மறைந்தது நமது நட்டம்.

இனி நாம் நேரில் கண்ட ஒன்றைக் கூறுவோம். சில மாதங்களுக்கு முன் குவீன்ஸ்டவுன் நூலகத்தில், இருபதுக்கும் குறைவானோர் கூடிய ஒரு சிறு சந்திப்புக்குச் சென்றோம். அழைக்கப்பட்டிருந்தவர் நடுவயதுள்ள ஒரு பெண் எழுத்தாளர். அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே கதை எழுதுபவர். பெயரெழுதிப் புகழ்வதை அவர் விரும்பமாட்டார் என்று எண்ணுகிறோம். பொன்னாடை இல்லை. மேசைமேல் ஒரு தண்ணீர்ப் புட்டி, அவ்வளவே. தமது கதை ஒன்றை அவரே வாசித்தார். இருபது நிமிடம் ஆயிற்று. பிறகு தாம் எப்படி எழுதுகிறார் என்பதைச் சொன்னார். காமன்வெல்த் நிலையத்திலிருந்து குவீன்ஸ்டவுன் வரும்வரை ரயில் நிலத்துக்கு மேலே ஓடுகிறது. அந்த இரண்டு மூன்று நிமிடத்தில், அடுக்குவீட்டுச் சன்னல்கள் கண்ணுக்கு நேராக வருகின்றன. கழிகளில் காயும் துணியைப் பார்ப்பாராம். நேற்று வரை வேட்டி காய்ந்த கழியில் இன்று வெறும் புடவை மட்டும் காய்ந்தால், அலுவலகம் போய்ச் சேரும்வரை அதுவே எண்ணமாம். "வேட்டிக்காரர் ஊருக்குத்தான் போயிருப்பார், திரும்பி வந்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், வராத நாளில் கதை தொடங்கிவிடும்" என்றார். கைத்தட்டல் எழவில்லை. எல்லோரும் தத்தம் வீட்டுக் கழிகளை நினைத்துக்கொண்டிருந்தோம் போலும்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். எண்பதை எட்டியிருப்பார். மலாயா ரயில்வேயில் தண்டவாளக் கூலியாய் இருந்தவராம்.

"ஏம்மா, எல்லாரும் புளோக்கு கதையே எழுதறீங்க. தண்டவாளத்துக் கதையை யாரும்மா எழுதறது? நாங்களும் போயிட்டா, கேக்கவும் ஆளில்லை, சொல்லவும் ஆளில்லை."

தோட்டப்புறத்து நேயர்கள் பலர் இதை அறியார் ஆகலாம். ஆகவே சற்று விளக்குகிறோம். 1932இல் தஞ்சோங் பகார் நிலையம் திறக்கப்பட்டபோது ரயில் பாதை திருப்பப்பட்டு, இன்றைய குவீன்ஸ்டவுனின் ஓரமாகச் சென்றது. அவ்வட்டாரத்தின் ஒரு பகுதி இன்றும் தங்ளின் ஹால்ட் என்றே வழங்குகிறது. ரயில் நின்று சென்ற இடம் என்பதே அப்பெயரின் பொருள். பாதையைப் போட்டுப் பேணியவர்களில் தமிழர் பலர். அவர்கள் தண்டவாளத்தருகே வைத்துக் கும்பிட்ட முனீஸ்வரனே இன்று காமன்வெல்த் டிரைவில் கோபுரத்தோடு நிற்கும் கோயிலாயினார். (முனியாண்டிக்கு ஆகமமும் கோபுரமும் வந்த கதை தனிக் கட்டுரைக்குரியது, இங்கே அதில் புகோம்.) 2011 ஜூன் 30ஆம் நாள் இரவு, தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். அதைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் கூடினர்; நாமும் கூட்டத்தில் நின்றோம். மறுநாள் முதல் பாதை மூடப்பட்டு, தண்டவாளமும் பெயர்க்கப்பட்டு, இன்று அது மக்கள் காலாற நடக்கும் பசுமை வழியாகிவிட்டது. நடப்போருக்கு நிழல் இருக்கிறது. யார் போட்ட பாதை என்பதற்கு ஒரு கதை இல்லை.

அந்த எழுத்தாளர், "நல்ல கேள்வி, ஐயா" என்று முகமன் கூறி அடுத்தவரிடம் போய்விடவில்லை. எழுந்து பின்வரிசைக்கு வந்து, ஒரு நாற்காலியை இழுத்து அவர் எதிரில் போட்டுக்கொண்டு, கைப்பையிலிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்தார்.

"ஐயா, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் உங்களை எந்த இடத்தில் இறக்கிவிட்டார்கள்?"

பெரியவர் சொல்லத் தொடங்கினார். வெயிலில் காய்ந்த இரும்பை வெறுங்காலால் தாண்டுவது எப்படி, ரயில் வருவதைக் காது வைத்து அறிவது எப்படி, மழை நாளில் கட்டை இளகினால் கங்காணி யாரை முதலில் ஏசுவான், முனியாண்டிக்குச் சுருட்டு வைப்பது எந்தக் கிழமை. மனைவி பிரசவ வேதனையில் கிடந்தபோது இரவு அஞ்சல் வண்டி கடந்தபிறகே வீட்டுக்குப் போக விட்டார்கள் என்று சொல்கையில் அவர் குரல் மாறவில்லை. நமக்குத்தான் தொண்டை அடைத்தது. கூட்டத்துக்குக் குறித்த நேரம் முடிந்தது. நூலகத்தார் விளக்கை அணைக்காமல் பொறுமையாய் நின்றனர். நமது குறிப்புப் புத்தகத்தில் உள்ள கணக்கு: கதாசிரியர் பேசியது 35 நிமிடம், கதாசிரியர் கேட்டது 40 நிமிடம்.

இவ்வாறு கேட்பதற்கு இன்னும் எவ்வளவு காலம் உண்டு என்பதே நமது கவலை. 2010ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, சிங்கப்பூர் இந்தியரில் வீட்டில் பெரும்பாலும் தமிழே பேசுவோர் நூற்றுக்கு ஏறக்குறைய 37 பேர். 2020இல் அது 28 ஆகக் குறைந்தது. ஆங்கிலம் பேசுவோர் பாதிக்கு மேல். ஆங்கில வழியிலே படித்த நாமே இதைச் சொல்வது சிலருக்கு நகைப்பாகத் தோன்றலாம். ஆங்கிலத்தின் மீது நமக்கு வெறுப்பில்லை. அதனால்தான் சோறு உண்கிறோம். ஆனால் பாட்டியின் நாலாவது மாடி ஆங்கிலத்தில் இல்லை. தண்டவாளத்துப் பெரியவரின் முதல் நாளும் ஆங்கிலத்தில் நடக்கவில்லை. நூல்களுக்கும் பஞ்சமில்லை: சிங்கப்பூர் விடுதலை பெற்ற ஐம்பதாம் ஆண்டையொட்டி, 2015இல், ஏறக்குறைய 350 தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கித் தேசிய நூலகத்தின் வழியே எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். கைப்பேசி இருந்தால் போதும். செம்பனைக் காட்டுக்குள் இருந்துகொண்டே மா. இளங்கண்ணனையும் இராம கண்ணபிரானையும் படிக்கலாம். சாவியைக் கையில் கொடுத்தாயிற்று. வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று சொல்வதற்குத்தான் ஒருவரும் வருவதில்லை.

நமது தோட்டத்திலே இன்று குலை வெட்டுவோர் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காள தேசத்தாரும். தமிழ்க் குடும்பங்கள் 23 எஞ்சியுள்ளன. பெண்கள் உதிரிப்பழம் பொறுக்குகிறார்கள், உரம் போடுகிறார்கள். பிள்ளைகள் பட்டணத்து வேலைக்கு மோட்டார் சைக்கிளில் விடியுமுன் பாலத்தைக் கடக்கிறார்கள். 1970களில் அகிலன் இந்நாட்டுக்கு வந்து, தோட்டப்புறங்களைச் சுற்றிப் பார்த்துச் சென்று, "பால்மரக் காட்டினிலே" எழுதினார். தமிழகத்துப் பேராசிரியரும் பெரும்புள்ளியுமல்லாத நம் லயத்து மனிதர் ஒரு நாவலுக்குள் போனது அப்போது பெரிய காரியமாயிருந்தது. அதன்பின் இங்கேயே பிறந்தவர்கள் எழுதிய நல்ல தோட்டத்துக் கதைகள் பல உண்டு. ஆனால் அவற்றை எழுதியவர்கள் பட்டணத்து மண்டபத்தில் சந்திக்கப்படுகிறார்கள். கதைக்குள் இருப்பவர்களோ பெரட்டுக்கு நின்றுவிட்டு வேலைக்காட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஒரு பொன்னாடை பத்து வெள்ளி என்று கொண்டாலும், நாம் கண்ட பதினேழுக்கு 170 வெள்ளி. பத்துப் பிரதி நாவல் வாங்கலாம். பத்துப் பிரதி என்பது நமது தோட்டத்துக்கு இரண்டு வீட்டுக்கு ஒன்று, ஏறக்குறைய.

ஆதலின் அந்தப் பெண் எழுத்தாளருக்கு நாம் ஒரு கடிதம் எழுதினோம்: வரும் மாதச் சம்பளச் சனிக்கிழமை எங்கள் தோட்டத்துக்கு வந்து ஒரு கதை வாசிக்க இயலுமா என்று. வருவதாகப் பதில் வந்தது. கூடவே மூன்று நிபந்தனைகள். வாழ்த்துரை கூடாது. பொன்னாடை கூடாது. வேலை முடிந்து வரும் பெண்கள் குளித்து, சாப்பிட்டு, உட்கார்ந்த பிறகே தொடங்க வேண்டும்.

முதலும் மூன்றும் எளிதில் தீர்ந்தன. ஆயாக்கொட்டகையில் இடம் ஏற்பாடாயிற்று. பிள்ளைகளின் பாய்களையும் பயன்படுத்திக்கொள்ளலாம். இரண்டாவதற்குத்தான் மண்டோர் ஒப்பவில்லை.

"வர்ற விருந்தாளிக்கு ஒண்ணும் போடாம அனுப்பறதா, கிராணியாரே? நாளைக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரன் என்ன பேசுவான்?"

இரண்டு மாலை இதைப் பேசினோம். மாலை போடலாமா என்றார், கூடாது என்றோம். தட்டில் பழம் வைக்கலாமா என்றார். இறுதியில், ஒரு குலை இளநீர் வெட்டிக் காரில் வைப்பது என்று முடிவாயிற்று. பாட்டியைச் சிற்றப்பா அழைத்து வருகிறார். தண்டவாளத்துப் பெரியவரும் அதே காரில் வர இசைந்திருக்கிறார். பின்னிருக்கையில் இளநீருக்கு இடம் இருக்குமா என்பதுதான் இப்போது மண்டோரின் கவலை.